1230 ஆட்டத்தையும் பார்த்துவிட முடியுமா? பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஒரு என்பிஏ சீசன்: முழுமையான வழிகாட்டி

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், வழி அப்புறம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஒரு சீசனில் எல்லா ஆட்டங்களையும் நேரலையில் பார்க்க எவராலும் முடியாது. பதிவாகப் பார்த்தால் முடியும். ஆனால் ஒரு வருடம், ஒரு நாள்கூட விடாமல், தினம் நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நான் இருமுறை முயன்று இருமுறையும் தோற்றவன். எங்கே வழுக்கும் என்று விழுந்தவனுக்குத்தானே தெரியும்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் கூடைப்பந்து அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால், பெஞ்சில் இருந்தேன். எங்கள் அணி இருபது பாயின்ட் முன்னே போன பிறகு, கடைசி இரண்டு நிமிடத்துக்கு பி.டி. சார் திரும்பிப் பார்த்து, "ஏலே, நீ போ" என்பார். அந்த இரண்டு நிமிடத்துக்காக வாரம் ஆறு நாள் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நின்றிருக்கிறேன். அதனாலோ என்னவோ, யாரும் பார்க்காத ஆட்டங்களின் மேல் எனக்கு ஒரு பிரியம்.

முதலில் எண்ணுங்கள்

30 அணிகள், அணிக்கு 82 ஆட்டம். ஒரு ஆட்டத்தில் இரண்டு அணிகள் என்பதால் 30 × 82 ÷ 2 = 1230. அணிக்கு 82 என்பது 1967-68 சீசனிலிருந்து இருக்கும் கணக்கு. அணிகள் 30 ஆனது 2004-05இல். 82 எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது பின்னால் உதவும். அணிகளைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு மாநாடாகவும் (கான்ஃபரன்ஸ்), ஒவ்வொரு மாநாட்டையும் ஐந்தைந்து அணி கொண்ட மூன்று பிரிவாகவும் பிரித்திருக்கிறார்கள். ஒரு அணி தன் பிரிவில் இருக்கும் நான்கு அணிகளுடன் நான்கு நான்கு முறை ஆடும் (16). அதே மாநாட்டின் மற்ற பத்தில் ஆறுடன் நான்கு முறை (24), மீதி நான்குடன் மூன்று முறை (12). எதிர் மாநாட்டின் 15 அணிகளுடன் இரண்டிரண்டு முறை (30). ஆக, எந்த இரண்டு அணிகளை எடுத்தாலும் ஒரு சீசனில் குறைந்தது இரண்டு முறை மோதியே தீரும். இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் சில்லறையும் உண்டு. 2023இல் தொடங்கிய சீசன் நடுக் கோப்பையின் இறுதி ஆட்டம் 82இல் சேராது, அது ஒன்று. பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்காக மோதும் பிளே-இன் ஆட்டங்கள் ஆறு. சாம்பியனை முடிவுசெய்யும் பிளே-ஆஃபில் 15 தொடர்கள், ஒவ்வொன்றும் நான்கு வெற்றி வரை போகும். எனவே குறைந்தது 60, அதிகபட்சம் 105. எல்லாம் சேர்த்தால் 1297இலிருந்து 1342க்குள் எங்கோ நிற்கும். பயிற்சி ஆட்டங்களையும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தையும் நான் சேர்ப்பதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் தரும் ஜூஸை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவார்களா?

நேரக் கணக்கு, கொஞ்சம் கசப்பானது

ஆட்டக் கடிகாரம் ஓடுவது 48 நிமிடம்தான். ஆனால் டைம் அவுட், ஃப்ரீ த்ரோ, 15 நிமிட இடைவேளை, நடுவர்கள் திரையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது என்று எல்லாம் சேர்ந்து ஒரு ஆட்டம் இரண்டேகால் மணி நேரம் போல இழுக்கும். 1230 ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2,770 மணி நேரம். 2024-25 சீசன் அக்டோபர் 22இல் தொடங்கி ஏப்ரல் 13இல் முடிந்தது, 174 நாள். வகுத்தால் தினம் 16 மணி நேரம். மீதி எட்டு மணி நேரத்தில் தூங்கலாம்; ஆனால் குளிக்கவோ கடை திறக்கவோ முடியாது.

அப்படி ஒருவர் துணிந்து உட்கார்ந்தாலும் நேரலை கைகொடுக்காது. சராசரிதான் நாளுக்கு ஏழு ஆட்டம். நிஜத்தில் ஒரு நாள் இரண்டு ஆட்டம் இருக்கும், மறுநாள் பன்னிரண்டு இருக்கும், பாதி ஒரே நேரத்தில் ஓடும். அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தைய நாளான 2024 நவம்பர் 4 அன்று முப்பது அணிகளுமே ஆடின. இரண்டு திரை வைத்துப் பார்ப்பேன் என்பவர்களுக்கு: நானும் வைத்துப் பார்த்தேன். இரண்டையும் பார்த்தது மாதிரி இருக்கும், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அதனால் பதிவுதான் வழி. கையில் ரிமோட்டுடன் டைம் அவுட், இடைவேளை, விளம்பரம் எல்லாவற்றையும் தாண்டினால் எனக்கு ஒரு ஆட்டம் 70 நிமிடத்தில் முடிகிறது. 1230க்கு 1,435 மணி நேரம். இதை 174 நாளுக்குள் திணித்தால் தினம் எட்டேகால் மணி நேரம். வருடம் முழுக்கப் பரத்தினால் தினம் நான்கு மணிக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு விஷயம் உண்டு. நீங்கள் கடைசி ஆட்டத்தைப் பார்த்து நிமிரும்போது அடுத்த சீசனின் முதல் பந்து மேலே போயிருக்கும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் இன்னும் குறையும். செய்து பார்த்தேன். வர்ணனையாளர்கள் பஸ் ஸ்டாண்டில் ஏலம் விடுவது போலக் கத்துகிறார்கள். ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டலாம், ஆட்டத்துக்கு வேண்டாம்.

'பார்த்தேன்' என்றால் என்ன?

இதை அக்டோபரிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பாதியில் நாமே நமக்குச் சலுகை கொடுக்க ஆரம்பித்துவிடுவோம். என் விதி இது: ஜம்ப் பாலிலிருந்து கடைசி சங்கு வரை கடிகாரம் ஓடும் ஒவ்வொரு நொடியும் கண்ணில் பட வேண்டும். பத்து நிமிடத் தொகுப்பு கணக்கில் வராது. தூங்கிவிட்டால் அந்தக் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் அந்தக் கால் பகுதி, மறுபடியும்.

நான்காம் குவார்ட்டரில் ஒரு அணி முப்பது பாயின்ட் பின்தங்கினால், மீதி என்னத்துக்கு என்று கை ரிமோட்டுக்குப் போகும். போக விடாதீர்கள். அப்போதுதான் பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து வருவார்கள். ஜனவரி 5இலிருந்து அணிகள் பத்து நாள் ஒப்பந்தத்தில் ஆட்களை எடுக்கலாம். பத்தே நாள், பிடித்தால் இன்னொரு பத்து நாள், இல்லாவிட்டால் வீட்டுக்கு. நட்சத்திரங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அப்படி வந்த ஒருவன், தோற்றுப்போன ஆட்டத்தில், கோட்டுக்கு வெளியே போகும் பந்துக்காகத் தரையில் விழுந்து புரளுவான். அந்தக் காட்சி எந்தத் தொகுப்பிலும் வராது. என் கண்ணுக்கு அது என்றைக்குமே தப்புவதில்லை.

நோட்டு

நெட்டு சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு 30 வரி என்றால் 1230 ஆட்டமும் சரியாக 41 பக்கத்தில் அடங்கும். அட்டவணை ஆகஸ்ட் மாதம் வெளியாகும். ஆனால் அப்போது அணிக்கு 80 ஆட்டம்தான் போட்டிருப்பார்கள். மீதி இரண்டு, கோப்பைப் போட்டியின் போக்கைப் பார்த்து டிசம்பரில் முடிவாகும். ஆக 1200 வரி எழுதி, 30 வரியைக் காலியாக விடுங்கள்.

தேதியை அமெரிக்கக் கணக்கிலேயே எழுதுங்கள். அங்கே 14ஆம் தேதி இரவு ஆட்டம், நமக்கு 15ஆம் தேதி விடிகாலை. முதல் வருடம் நான் நம் தேதியில் எழுதி, ஒரு வாரத்துக்குள் எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்றே தெரியாமல் குழம்பிப் போனேன். முழுக்கப் பார்த்ததற்கு டிக், தூக்கத்தில் விட்டதற்கு முக்கோணம். மார்ச் மாதப் பக்கங்களில் முக்கோணம்தான் அதிகம்.

பார்க்கும் வரிசை தேதி வாரியாகவே இருக்கட்டும். ஒரு அணியை முடித்துவிட்டு அடுத்த அணி என்று போனால், காயம், ஆள் மாற்றம் எதுவும் பிடிபடாது. தேதி வாரியாகப் போனாலும் பின்தங்கினால் விசித்திரமான நிலைமை வரும். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நான் 350 ஆட்டத்தைத் தாண்டி டிசம்பர் நடுவில் இருந்தேன். ஏழு வாரம் பின்தங்கல். காலை பதினொரு மணி போல, டல்லாஸ் அணி தன் நட்சத்திர வீரன் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது என்று போனில் செய்தி வருகிறது. என் டிவியில் அதே லூகா, அதே டல்லாஸ் சட்டையில், சிரித்துக்கொண்டே பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் ஆடிய ஒவ்வொரு டல்லாஸ் ஆட்டத்தையும், கல்யாணப் பேச்சு முடிந்தது தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன்.

திருநெல்வேலியில் இருப்பது வரம்தான்

நம்ப மாட்டீர்கள், இந்த விளையாட்டுக்கு நம் ஊர் நேரம் நல்ல நேரம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, அங்கே கிழக்குக் கடற்கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் நமக்கு அதிகாலை ஐந்தரை. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருப்பதால் நாலரை. மேற்குக் கடற்கரை ஆட்டம் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றேகாலுக்கு முடிந்துவிடும். ஐரோப்பியக் கால்பந்து பார்ப்பவர்களைப் போல நடு ராத்திரியில் முழிக்க வேண்டாம். மாலையில் ஐபிஎல் பார்ப்பவர்களுடன் ரிமோட்டுக்குச் சண்டை இல்லை. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை முடியும்போது பாஸ்டனில் ஜம்ப் பால் போடுவார்கள். கருப்பட்டிக் காபி ஒரு டம்ளர், முதல் குவார்ட்டர். கடை திறக்க ஒன்பதரை ஆகும் என்பதால் ஐந்திலிருந்து ஒன்பது வரை என் நேரம்.

வீட்டில் ஆச்சி மட்டும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நேத்து ஆடுன பயலுவதானல இன்னைக்கும் ஆடுதானுவ? நேத்தே முடிச்சிருக்கக் கூடாதா?"

நேரலையில் வரிசையாக எல்லாவற்றையும் பார்க்க முடிகிற நாள் ஒன்று உண்டு: கிறிஸ்துமஸ். அன்று ஐந்து ஆட்டம், ஒன்றன் பின் ஒன்றாக. நமக்கு 25ஆம் தேதி இரவு பத்தரைக்குத் தொடங்கி மறுநாள் முற்பகல் வரை ஓடும். பாளையங்கோட்டையில் அன்று எந்தத் தெருவிலும் நட்சத்திர விளக்கு இருக்கும், பக்கத்து வீட்டுக் கேக்கும் முறுக்கும் இருக்கும். சீசனில் ஒரே ஒரு நாள் மட்டும் ராத்திரி முழிப்பது என்றால், அது அதுவாக இருக்கட்டும்.

சந்தா, இணையம், கரண்ட்

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வழி என்பிஏவின் சொந்தச் சந்தாதான், லீக் பாஸ் என்று பெயர். டிவி சேனல்களில் வருவது பொறுக்கி எடுத்த சில ஆட்டங்கள். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் இதே சந்தா வைத்திருப்பவருக்கு அவர் ஊர் அணியின் ஆட்டம் நேரலையில் வராது. உள்ளூர் சேனலைக் காப்பாற்ற மறைத்துவிடுவார்கள். கட்டணமும் வசதிகளும் சீசனுக்குச் சீசன் மாறும். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: முழு ஆட்டத்தின் பதிவு எத்தனை நாள் இருக்கும் என்று. நம் திட்டமே அதை நம்பித்தான்.

நல்ல தரத்தில் மணிக்கு 3 ஜிபி போல இழுக்கும். நாலு மணி நேரத்துக்கு 12 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக் ஒரு ஆட்டத்துக்கே பத்தாது. தரத்தைக் குறைத்தால் சட்டை எண் தெரியாது, எண் தெரியாவிட்டால் பெஞ்சிலிருந்து வந்தவன் யாரென்று தெரியாது. ஃபைபர் கனெக்‌ஷன் அவசியம்.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கே உரியது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை ஒன்பதுக்குத் தொடங்கும், சரியாக மேற்குக் கடற்கரை ஆட்டத்துக்கு. முந்தைய நாள் பேப்பரில் ஏரியா பெயர் போட்டிருப்பார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் டிவியையும் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள். டிவியை மாட்டிவிட்டு ரவுட்டரை மறந்தவர்களில் நானும் ஒருவன்.

மழைக்கு மட்டும் மருந்தில்லை. என் முதல் முயற்சி 2023-24. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஜெராக்ஸ் மிஷினைத் தூக்கி மேஜை மேல் மேஜை போட்டு வைத்தோம். அந்த வாரம் பாஸ்கெட்பால் ஞாபகமே வரவில்லை. எல்லாம் அடங்கி நோட்டை எடுத்தபோது அது ஈரத்தில் ஊறி, மை பரவி, எந்த வரிக்கு டிக் போட்டேன் என்றே தெரியவில்லை. அந்த வருடம் அதோடு சரி. இப்போது நோட்டை பிளாஸ்டிக் கவருக்குள், பரணில் வைக்கிறேன்.

ஸ்கோர் தெரியாமல் வாழ்வது

ஆப்பில் ஸ்கோரை மறைக்கும் வசதி இருக்கிறது, முதல் வேலையாக அதைப் போடுங்கள். அறிவிப்புகளை அணையுங்கள். பழைய ஸ்கூல் டீம் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்யுங்கள். அதில் ஒருத்தன் இருப்பான், ஆறு மணிக்கே ஸ்கோர் போடுவான்.

பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு: வீடியோவின் அடியில் ஓடும் நேரப் பட்டை. நாலாம் குவார்ட்டர் முடிய ஒரு நிமிடம் இருக்கிறது, பட்டையில் இன்னும் அரை மணி நேரம் மீதி தெரிகிறது என்றால் ஸ்கோர் சமனாகி ஓவர்டைம் போகிறது என்று புரிந்துவிடும். ஆட்டம் செத்தது. நான் பழைய தினசரி காலண்டரின் அட்டையை வெட்டி, டிவியின் கீழ் விளிம்பில் செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டு விரல் அகலம் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் டிவி உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

மார்ச்

திட்டம் தோற்பது தொடக்கத்தில் அல்ல, மார்ச் மாதத்தில். காரணம் உண்டு. அடுத்த சீசனுக்குப் புதிய ஆட்களை எடுக்கும் குலுக்கலில், கடைசி மூன்று இடத்து அணிகளுக்கு முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம். 2019இலிருந்து இதுதான் விதி. ஜெயிக்க ஜெயிக்க வாய்ப்பு குறையும். அதனால் கீழே கிடக்கும் அணிகள் மார்ச்சில் நல்ல ஆட்களை உட்கார வைத்துவிடும். 2024-25இல் யூட்டா 17 ஜெயித்து 65 தோற்றது. வாஷிங்டன் 18 ஜெயித்து 64 தோற்றது. இரண்டும் எதிரெதிர் மாநாடு, ஆகவே தங்களுக்குள் இரண்டு முறை ஆடும். அந்த இரண்டையும் நீங்கள் பார்க்க வேண்டும். முதல் நிமிடத்திலிருந்து.

போதாக்குறைக்கு நம் பக்கத்தில் பங்குனி உத்திரம். குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? என் இரண்டாம் முயற்சியில், 2025இல், அது ஏப்ரல் 11. எங்கள் சாஸ்தா இருக்கும் காட்டில் சிக்னல் கிடையாது. பொங்கல் வைத்து, படப்பு போட்டு, வீடு திரும்பும்போது நோட்டில் இன்னும் இருபது வரி கூடியிருந்தது.

முடியாதவர்களுக்கு 435 திட்டம்

முன்னே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வரி இதற்குத்தான். 30 அணிகளில் எத்தனை ஜோடி? 30 × 29 ÷ 2 = 435. ஒவ்வொரு ஜோடியும் குறைந்தது இரண்டு முறை மோதுவதால், ஜோடிக்கு ஒரு ஆட்டம் என்று எடுத்துக்கொண்டால் போதும். எந்த அணியையும் விடாமல், ஒவ்வொன்றையும் 29 முறை, 29 வெவ்வேறு எதிரிகளுடன் பார்த்துவிடலாம். 70 நிமிடக் கணக்கில் 508 மணி நேரம். சீசனுக்குள்ளேயே முடிக்க தினம் மூன்று மணிக்கும் சற்றுக் குறைவு. முதல் மோதலைத் தவறவிட்டால் இரண்டாவது இருக்கிறது. வெள்ளமோ கொடை விழாவோ வந்தாலும் தாங்கும். இருமுறை தோற்ற பிறகு நான் வந்து நின்ற இடம் இது. வேலைக்குப் போகிற எவருக்கும் இதைத்தான் சொல்வேன். 30க்கு 30 கட்டம் போட்டு, பாதியை அடித்துவிட்டு, மீதிக் கட்டங்களை நிரப்பினால் போதும்; நோட்டுகூட வேண்டாம், ஒரு ஏ3 தாள்.

ஒரே அணியைப் பிடித்துக்கொண்டு அதன் 82ஐயும் பார்ப்பது இன்னும் சுலபம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

கடைசி நாள்

எந்தத் திட்டமாக இருந்தாலும் கடைசி நாளை நேரலையில் பாருங்கள். 30 அணிகளும் ஆடும். யாருடைய முடிவையும் பார்த்துவிட்டு யாரும் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதால், கிழக்கு ஆட்டங்கள் ஒரே நேரத்தில், மேற்கு ஆட்டங்கள் ஒரே நேரத்தில். 2025இல் நமக்கு அது ஏப்ரல் 13 இரவு பத்தரைக்கும், நள்ளிரவு ஒரு மணிக்குமாக வந்தது. ஒவ்வொரு நேரத்துக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், மீதி பதிமூன்றைப் பதிவில் வைத்துக்கொள்ளலாம்.

மேற்கு முடிய மூன்றரை தாண்டிவிட்டது. விடிந்தால் சித்திரை விசு. அம்மா ராத்திரியே சாமி முன்னால் கனி வைத்திருந்தாள்: கண்ணாடி, மாம்பழம், கொன்றைப்பூ, தட்டில் கொஞ்சம் சில்லறை. நாலு மணிக்கு எல்லோரையும் எழுப்ப வந்தவள் ஹாலில் டிவி வெளிச்சத்தைப் பார்த்து நின்றாள்.

"கண்ண மூடிக்கிட்டு எந்திரிச்சு வாலே."

"தூங்கவே இல்லையேம்மா, விடிய விடிய முழிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. மூடு."

உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தி, சாமி அறை வரை தள்ளிக்கொண்டே போனாள். கையை எடுத்தாள். கண்ணாடியில், கொன்றைப்பூவுக்கு நடுவே, செக்கச்செவேலென்று இரண்டு கண்.